நீல வெங்காயம்

அத்தியாயம் 5

சங்கரன்கோவிலில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவர்களுக்குக் கொலையும் கொள்ளையும் வந்து குவியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்களுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளைகள். பையன் குடிப்பானா, வேறு யாரோடாவது பழக்கம் உண்டா, சொன்ன வேலை உண்மைதானா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். நாங்களும் அலைந்து விசாரித்து உண்மையைக் கொண்டுவந்து கொடுப்போம். அவர்கள் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டு, அதே பையனுக்கே பெண்ணைக் கொடுப்பார்கள். இப்படிப்பட்ட ஊருக்கு உண்மை எதற்கு என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அன்று காலையும் ஒரு மாப்பிள்ளையைத்தான் அலசிக்கொண்டிருந்தோம். அஃப்ரோஸ் படியேறி வந்ததைப் பார்த்ததும் முதலாளி அந்த மாப்பிள்ளையை மூடி ஓரமாக வைத்தார்.

முதலாளி என்றால் இசக்கிச்செல்வி. பல வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், செத்ததாகக் கணக்குக் காட்டியவர்களை உயிரோடு தேடிப் பிடிக்கும் வேலையில் இருந்தவர். அதனால் மனித குலத்தின் மீது அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. நான் லிங்கேஷ், அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவது, டீ வாங்குவது, திட்டு வாங்குவது என்று எனக்குப் பல பொறுப்புகள். கடைசியாகச் சொன்னதில்தான் அனுபவம் அதிகம்.

அஃப்ரோஸை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. விசேஷ வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை 'அஃப்ரோஸ் அக்கா' என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஊர், சாயங்காலத்திலிருந்து 'அந்தப் பொம்பள' என்று கூப்பிடுகிறது. காரணம், சண்முகையா வீட்டுக் காதுகுத்து.

சண்முகையா பஜாரில் பெரிய பலகாரக் கடை வைத்திருப்பவர். பேரனுக்குக் காது குத்தி, மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டிப் பிரியாணி போட்டார். சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் அன்று இரவுக்குள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாக ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்துவிட்டார்கள். சண்முகையாவின் அக்கா தங்கத்தாயைத் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் நிலைமை கவலைக்கிடம் என்று சண்முகையா தினமும் வாட்ஸப் குரூப்புகளில் அறிவித்துக்கொண்டிருந்தார். அஃப்ரோஸின் சமையல்கூடத்துக்கு சீல் வைத்தாயிற்று.

சாயங்காலம் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார் இன்ஸ்பெக்டர். தங்கத்தாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் கேஸ் வேறு மாதிரி போய்விடும் என்றும் சொல்லியிருந்தார். நடுவில் சண்முகையா பெருந்தன்மையோடு ஓர் ஆளை அனுப்பியிருக்கிறார். தப்பு தன்னுடையதுதான் என்று அஃப்ரோஸ் ஒப்புக்கொண்டால் ஜெயிலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வாராம். ஆனால் அதற்குப் பிறகு இந்த ஊரில் அடுப்பு பற்ற வைக்கக் கூடாதாம். பெருந்தன்மை என்று நான் சொன்னது இதைத்தான்.

"ஒத்துக்கிடலாம்னுதான் இருந்தேன்," என்றார் அஃப்ரோஸ். "ஆனா நான்தான் செஞ்சேனா இல்லையான்னு எனக்கே தெரியல. அது தெரியணும் மேடம். செஞ்சிருந்தா ஜெயிலுக்குப் போறேன். செய்யாம எதுக்கு என் அடுப்ப அணைக்கணும்?"

இசக்கிச்செல்வி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை கேஸ்களுக்கு அவர் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அஃப்ரோஸ் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினார். பந்தியில் யாரோ எடுத்தது. ஒரு பெரிய தட்டு நிறைய நறுக்கிய பெரிய வெங்காயமும் புதினாவும். வெங்காயம் முழுக்க ஒரு மாதிரி நீலம் பாய்ந்து, ஓரங்களில் பச்சை தட்டியிருந்தது. பக்கத்தில் வினிகர் கேனின் படம். கேனில் அசிட்டிக் ஆசிட் என்று அச்சடித்திருந்ததைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள். கீழே, 'ஆசிட் ஊற்றிய வெங்காயம், நீலமாக மாறியதைப் பாரீர்' என்ற அறிவிப்பு. சமையல்காரர் பெயரைப் பார்த்ததும் சிலருக்குக் கூடுதலாக அறிவு சுரந்திருந்தது. அதையெல்லாம் இங்கே எழுதினால் எனக்குக் கை கூசும்.

"இதுல ஒரு பயலுக்காவது, வீட்டு ஊறுகாய்ல வினிகர் இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"வாய மூடுலே," என்றார் முதலாளி. "நீங்க சொல்லுங்க. எதுக்கு வினிகர்?"

அஃப்ரோஸ் சொன்னார். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுக்கும் வெங்காயமும் புதினாவும் நெருப்பையே பார்க்காதவை. எந்தத் தண்ணீரில் விளைந்தது, யார் காலில் மிதிபட்டது என்று தெரியாது. கிருமியைக் கொல்லக் கடையில் விதவிதமாக மருந்து விற்கிறார்கள். எல்லாம் விலை. வினிகர் மலிவு, கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வயிற்றுக்குள் போனாலும் கெடுதல் இல்லை. ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்து டிரம்மில் ஊற்றி, அரை மணி நேரம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் அலசி எடுப்பார். அப்படிச் செய்யாமல் இதுவரை ஒரு பந்திக்கும் அனுப்பியதில்லை.

"நூத்துக்கு நூறு கிருமியும் சாகும்னு நான் சொல்ல மாட்டேன்," என்றார். "ஆனா இத்தன பேரப் படுக்க வைக்க விடாது."

"ஞாயித்துக்கிழம ஊறப்போட்டது யாரு?"

"நான்தான். என் கையால வினிகர ஊத்தி, வெங்காயத்தையும் போட்டு மூடி வச்சிட்டுத்தான் தம் போடப் போனேன். தம் போட்டா அடுப்ப விட்டு நகர முடியாதுல்லா. நேரம் ஆனதும் கூட வந்த வேலைக்காரப் பிள்ளைங்க அலசி எடுத்துப் பந்திக்குக் கொண்டு போயிட்டாவ."

"வினிகர்ல ஊறுன வெங்காயம் என்ன நிறத்துல இருக்கும்?"

"ரோசாப்பூ மாதிரி இருக்கும். அதுக்குன்னே கேட்டு வாங்கித் திம்பாவ."

இசக்கிச்செல்வி போனை அவர் பக்கம் திருப்பினார். "இது ரோசாப்பூவா?"

அஃப்ரோஸ் அந்தப் படத்தை அத்தனை நாளும் அழுதுகொண்டேதான் பார்த்திருக்க வேண்டும். இப்போதுதான் சமையல்காரியாகப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தார்.

"லிங்கேசு, வண்டிய எடு," என்றார் முதலாளி.

மண்டபத்து மேனேஜர் செல்லச்சாமி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே எங்களை வரவேற்றார். போலீஸ் வந்து எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டது, பார்க்க ஒன்றுமில்லை என்றார். போலீஸ் எடுத்துப் போனது பிரியாணி அண்டாவை. அது பெரியது, போட்டோவில் நன்றாக விழும். அடுப்படி மூலையில் பாதி வினிகரோடு கிடந்த கேனை ஒருவரும் தொடவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள், ஆசிட் இல்லை, விஷம் இல்லை, பச்சையாகத் தின்ற பொருளிலிருந்து வந்த கிருமி என்று. பேப்பரிலும் வந்திருந்தது. ஆனால் அது செய்தியின் கடைசி வரியில் இருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் கடைசி வரி வரை படிக்கும் வழக்கமில்லாதவர்கள்.

"அப்ப ரெண்டே வழிதான்," என்றேன். "ஒண்ணு, இது டூப்ளிகேட் வினிகர். இல்லாட்டா அந்தம்மா ஊத்தவே இல்ல."

இசக்கிச்செல்வி கேனைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றி என்னிடம் நீட்டினார். "நாக்குல வையி."

வைத்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்துச் செல்லச்சாமி சிரித்தார். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஒரிஜினல்," என்றேன். "என் அடுத்த இன்க்ரிமென்ட்ட இதுக்குக் குடுத்திருங்க."

மண்டபத்து ஸ்டோரில் பெரிய வெங்காயம் கிடந்தது. இசக்கிச்செல்வி ஒன்றை எடுத்து மெல்லிசாக நறுக்கி இரண்டு கண்ணாடி டம்ளர்களில் போட்டார். ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் தண்ணீரோடு வினிகர். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் தண்ணீரில் கிடந்தது அப்படியே கிடந்தது. வினிகரில் கிடந்தது ரோஜா நிறத்துக்கு வந்துவிட்டது. வெறும் தண்ணீரில் அலசியிருந்தாலும் நீலம் வராது, வினிகரில் ஊறியிருந்தாலும் நீலம் வராது. அப்படியானால் நீலம் எங்கிருந்து வந்தது?

"அண்ணாச்சி, ஆப்பச்சோடா இருக்கா?" என்று கேட்டார் முதலாளி.

செல்லச்சாமி ஒரு பொட்டலத்தைத் தேடி எடுத்து வந்தார். இசக்கிச்செல்வி அதில் கொஞ்சத்தை ரோஜா நிற டம்ளரில் கொட்டினார். புஸ்ஸென்று நுரை பொங்கி வழிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நுரை அடங்கும் வரை கொட்டினார். பிறகு கொசுறாகவும் ஒரு கரண்டி போட்டார். வெங்காயத்தின் ரோஜா மெல்ல மங்கியது, ஊதாவாயிற்று, கடைசியில் வாட்ஸப் படத்தில் பார்த்த அதே நீலத்துக்கு வந்து நின்றது.

"அக்கா, வெங்காயம் கட்சி மாறிருச்சு," என்றேன் முதலாளியிடம்.

"மோந்து பாரு."

குனிந்து மோந்தேன். சற்று முன்பு மூக்கைத் துளைத்த வாடை கொஞ்சம் கூட இல்லை. நாக்கில் வைத்தால் புளிப்பும் இல்லை. புளிப்புப் போன வினிகருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் கிருமி ஒன்றாகத்தான் மரியாதை கொடுக்கும். டிரம்முக்குள் எவனோ சோடாவைக் கொட்டி வினிகரைக் கொன்றுவிட்டான். கிருமி சௌகரியமாகப் பந்திக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரே எதை ஆசிட்டுக்கு ஆதாரம் என்று பரப்பியதோ, அதுதான் ஆசிட் செத்துப்போனதற்கு ஆதாரம். ஒரு ஊரே சேர்ந்து ஒரு முட்டாள்தனத்தைச் செய்தால் அதற்குப் பொதுஜன அபிப்பிராயம் என்று பெயர்.

இசக்கிச்செல்வி செல்லச்சாமியின் பக்கம் திரும்பினார். ஞாயிற்றுக்கிழமை அடுப்படியில் வாடை அடிக்கிறது என்று குறைப்பட்டது யார் என்று கேட்டார்.

செல்லச்சாமிக்குச் சாவிக்கொத்தை ஆட்ட மறந்துவிட்டது. கொஞ்சம் இழுத்தார். பிறகு தன் பேர் வெளியே வரக் கூடாது என்று எங்களிடம் உறுதி வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கக்கினார்.

சண்முகையா ஊரில் மது ஒழிப்புக் குழுத் தலைவர். மருமகள் வளைகாப்பின்போது, சிவகிரியிலிருந்து வந்த மருமகளின் அண்ணன் இசக்கித்துரையும் அவர் கூட்டாளிகளும் குடித்திருந்தார்கள் என்று, இலையில் உட்கார்ந்தவர்களை எழுப்பி மைக்கில் புத்தி சொல்லி அனுப்பியவர். ஆனால் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை வைத்தாக வேண்டும்? அதே இசக்கித்துரை சீர்வரிசையோடு வந்துகொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, மண்டபம் முழுக்கக் கள்ளுக்கடை மாதிரி புளித்த வாடை.

"அண்ணாச்சி குதியா குதிச்சாரு," என்றார் செல்லச்சாமி. "டிரம்ம கீழ கொட்டுன்னாரு. அந்தம்மா, அரை மணி நேரம் பொறுங்க, எல்லா விசேஷத்துலயும் இப்படித்தான் சொல்லுவாவ, அலசுனா வாடை போயிரும்னு சொல்லிட்டு அடுப்புக்குப் போயிருச்சு. பொறகு என்ன மாயமோ, சிவகிரி வேன் வந்து நிக்கிறதுக்குள்ள வாடையே இல்ல. நான் சாம்பிராணி போட்டேம்லா, அதுல போயிருச்சுன்னு நெனச்சேன்."

"இடையில அடுப்படிக்குள்ள யாரு போனா?"

"தங்கத்தாய் அக்கா மட்டும் ஒரு தடவ போச்சு. கையில ஏதோ பை இருந்துச்சு."

மாவு அதிகம் புளித்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்கள் என்ன செய்வார்கள் என்று யாரைக் கேட்டாலும் தெரியும். ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா. புளிப்பு போய்விடும், தோசை வார்த்துவிடலாம். ஆனால் ஒரு டிரம் வினிகரின் புளிப்பை எடுக்கச் சிட்டிகை போதாது, கிலோக்கணக்கில் வேண்டும். கிலோக்கணக்கில் சோடா எந்த வீட்டுச் சமையலறையிலும் இருக்காது.

இசக்கிச்செல்வி செல்லச்சாமியிடம் ஒரு போன் நம்பர் கேட்டு வாங்கினார். மண்டபத்துக்கு முன்பணம் கட்ட வந்த தங்கத்தாயின் மகள் ஜெயசித்ராவின் நம்பர். என்னை வண்டிப் பக்கம் போய் நிற்கச் சொல்லிவிட்டு, வேப்பமர நிழலில் நின்று வெகுநேரம் பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்டதற்கு, உனக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்றார்.

பஜாரில் சண்முகையாவின் கடையை யாரும் தவறவிட முடியாது. வாசலிலேயே ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு: 'எங்கள் பலகாரங்களில் சோடா கலப்பதில்லை'. உள்ளே கல்லாவில், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, முகம் நிறைய ஊர்க் கவலையோடு சண்முகையா.

இசக்கிச்செல்வி காராச்சேவு வாங்கி அங்கேயே நின்று தின்றார். அக்கா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். கவலைக்கிடம்தான், யாரையும் பார்க்க விடவில்லை, பேச்சு மூச்சு இல்லை என்று சண்முகையா பெருமூச்சு விட்டார். அக்கா கைப்பக்குவத்தில்தானே இந்தக் கடையே ஓடியது, மாவு பிசைவதெல்லாம் அவர்தானே என்று முதலாளி கேட்டார். ஆமாம் என்றார் சண்முகையா. ஆனால் கடை தன் பேரில்தான் ஓடுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

"சேவு மொறுமொறுன்னு இருக்கே, சோடா போடுவீங்களோ?"

சண்முகையா போர்டைக் கை காட்டினார். "எழுதிப் போட்டிருக்கேம்லா. நம்ம கடையில சோடாங்கிற பேச்சே கிடையாது. மது, சோடா ரெண்டையும் நான் வாசப்படி ஏற விடுறதில்ல."

அந்த நேரத்தில் எனக்கு அவசரமாகக் கொல்லைப்புறம் போக வேண்டியிருந்தது. அதாவது, முதலாளி என் காலை மிதித்தார். பலகாரம் போடும் பட்டறைக்குள் எண்ணெய்ச் சட்டியைத் தாண்டிப் போனால் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு மூட்டை, வாயைச் சுருட்டி வைத்திருந்தார்கள். விரலை விட்டு நாக்கில் வைத்தேன். அன்றைக்கு என் நாக்குக்கு ஓய்வே இல்லை.

"இருக்கு," என்றேன் வண்டியை எடுக்கும்போது. "அந்த மூட்டைய வச்சு தெப்பக்குளத்துலயே நுரை கட்டலாம்."

சாயங்காலம் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அருண்பாண்டியனின் அறையில் எல்லோரும் கூடினார்கள். அஃப்ரோஸ் ஓரமாக நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சிவகிரியிலிருந்து இசக்கித்துரை வந்திருந்தார். அவர் பக்கத்து ஆட்களும் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்தவர்கள்தான். சண்முகையா இரண்டு பிரமுகர்களை அழைத்து வந்திருந்தார். தனியாக எங்கும் போகிற தைரியம் அவருக்கு எப்போதுமே இருந்ததில்லை.

முதலாளி தன் போனை எடுத்து ஏதோ பார்த்துவிட்டு, மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். பிறகு பையிலிருந்து டம்ளர்களை வெளியே எடுத்தார். வெங்காயம் இன்ஸ்பெக்டரின் கண் முன்னாலேயே ரோஜாவாயிற்று, நுரைத்தது, நீலமாயிற்று. வாட்ஸப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இன்ஸ்பெக்டர் டம்ளரை மோந்து பார்த்தார். பிரமுகர்களில் ஒருவர், நம்ம ஊர்ல இவ்வளவு விஞ்ஞானம் இருக்கா என்று வியந்தார்.

"வெங்காயத்த வச்சு ஒரு விசாரணையா?" என்று சண்முகையா சிரித்தார்.

"அந்தம்மாவ வெங்காயத்த வச்சுத்தான மாட்டி விட்டீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

இசக்கிச்செல்வி நிதானமாகச் சொன்னார். வினிகர் நல்லது, ஊற்றியதும் சரி. அரை மணி நேரம் அது தன் வேலையைச் செய்யவிடாமல் யாரோ சோடாவைக் கொட்டியிருக்கிறார்கள். கிலோக்கணக்கில் கொட்டியிருப்பதால் கை தவறி விழுந்தது என்று சொல்ல முடியாது. வேண்டுமென்றே ஊராரைக் கொல்லப் பார்த்தார்கள் என்று போலீஸ் எடுத்துக்கொண்டால் அது பெரிய கேஸ். அந்த நேரம் அடுப்படிக்குள் போனவர் தங்கத்தாய் ஒருவர்தான்.

"அதனால, அவுக கண்ணத் தொறந்ததும் கையில விலங்கு மாட்ட வேண்டியதுதான்," என்று முடித்தார்.

ஒரு தம்பிக்கு இதைக் கேட்டதும் எப்படி இருக்க வேண்டும்? துடித்துப் போயிருக்க வேண்டும். என் அக்காவா என்று எழுந்து நின்றிருக்க வேண்டும். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். சண்முகையா முகத்தில் வந்ததோ நிம்மதி. தப்பித்துக்கொள்ள ஒரு சந்து கிடைத்த நிம்மதி. எத்தனையோ கேவலமான மனிதர்களை விசாரித்திருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை அதுவரை பார்த்ததில்லை.

"செஞ்சிருப்பா சார்," என்றார். "அது ஒரு கிறுக்கு. சின்ன வயசுலயே அப்படித்தான். யாரையும் கேக்காது, எதையாவது தூக்கிக் கொட்டிரும். எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"நீங்க போடச் சொல்லல?"

"என் பேரன் மேல சத்தியமா சொல்லல."

"உங்க கடைச் சோடாதான?"

"நம்ம கடையில ஏது சோடா? அவ எங்கன போயி வாங்குனாளோ."

இசக்கிச்செல்வி மேஜைமேல் கிடந்த போனைத் திருப்பி வைத்தார். அத்தனை நேரமும் ஓடிக்கொண்டிருந்த அழைப்பில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏலே சண்முகம்," என்றது போன். சோர்ந்த குரல், ஆனால் நிறுத்தி நிதானமாக வந்தது. "நான் சாகலலே. நேத்தே என்ன வார்டுக்கு மாத்தியாச்சுன்னு உனக்குத் தெரியும்லா. சித்ராகிட்ட, அம்மாவ யார்ட்டயும் பேச விடாதன்னு நீதான சொல்லி வச்ச?"

சண்முகையா பிரமுகர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கடைச் சாவிய என் கையில குடுத்து, ஓடிப் போயி சோடாவ அள்ளிட்டு வந்து வாடையக் கொல்லுன்னு சொன்னது யாருல? மாவு புளிச்சாப் போடுவோம்லா, அதுமாரி இதுக்கும்னு நீதான சொன்ன? இப்ப நான் கிறுக்கா? போலீசுக்கு முன்னால என்ன கிறுக்குங்க?"

அழைத்து வந்த பிரமுகர்கள் இரண்டு பேரும் நாற்காலியை மெதுவாகச் சண்முகையாவிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். இசக்கித்துரை எழுந்தார். அவர் சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை.

"மாமா, நாங்க குடிச்சோம். தப்புதான்," என்றார். "ஆனா நாங்க குடிச்சதுல ஒருத்தரும் ஆஸ்பத்திரியில படுக்கல."

சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். மைக் இல்லாமலே அது எல்லோருக்கும் கேட்டது.

"அஃப்ரோசு அங்கன நிக்கியாட்டி?" என்று போன் கேட்டது.

அஃப்ரோஸ் மேஜை அருகே வந்தார். நிற்கிறேன் என்றார்.

"நான்தாம்ட்டி கொட்டுனேன். இவ்வளவு பெரிசா ஆகும்னு தெரியாது. பொங்கி வந்துச்சு, சுத்தமாவுதுன்னு நெனச்சேன். உன்னையப் போலீசுல இழுத்தது இந்தம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

இத்தனை நாள் ஊர் பேசிய பேச்சுக்கெல்லாம் நிமிர்ந்து நின்ற அஃப்ரோஸ், இப்போது மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "என்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாக்கா. பத்தடி தள்ளித்தான நின்னேன்," என்றார். அந்தப் பக்கத்திலும் அழுகை கேட்டது. பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று அஃப்ரோஸ் சொன்னார். யார் மேல் கோபம் என்று தனியாகச் சொல்லவில்லை.

சண்முகையா அதற்குள் சுதாரித்துக்கொண்டார். ஒரு தாய் மக்களாகப் பழகிவிட்டோம், வெளியே தெரியாமல் நமக்குள் பேசி முடித்துக்கொள்வோமே என்று தொடங்கினார். கேஸ் போகிற வழியில் போகும், அதை நீர் முடிக்க முடியாது என்றார் இன்ஸ்பெக்டர். அதற்கு மேல் உங்களுக்கு என்ன வேண்டும் என்று அஃப்ரோஸைக் கேட்டார்.

"எந்தெந்த குரூப்புல என் படத்தப் போட்டாரோ, அத்தனையிலயும் அவரு குரல்லயே சொல்லணும்," என்றார் அஃப்ரோஸ். "கடை போர்டையும் சேத்துச் சொல்லணும்."

சண்முகையா வாட்ஸப்பில் பேசிய முதல் உண்மை அது. 'அனைவருக்கும் வணக்கம்' என்று ஆரம்பித்து, சோடா என்ற வார்த்தையை மட்டும் விழுங்கினார். இசக்கிச்செல்வி அழித்துவிட்டு மறுபடி பேசச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒருமுறை பேச வைத்தார். தேவை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

செய்தி போய் விழுந்தது. குரூப்பில் கட்டைவிரல்கள் முளைத்தன. கும்பிட்ட கைகள் வந்தன. 'நல்ல தகவல், அனைவருக்கும் பகிரவும்' என்று ஒருவர் எழுதினார். அஃப்ரோஸ் போனில் தனியாகவும் ஒரு செய்தி வந்தது. காலையில்தான் அவரைத் தூக்கில் போட வேண்டும் என்று எழுதிய ஒரு பெரிய மனிதரிடமிருந்து. வர்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், பிரியாணி கிடைக்குமா அக்கா என்று கேட்டிருந்தார்.

அஃப்ரோஸ் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பதில் அனுப்பினார்.

'கிடைக்கும். வினிகர் வாடை அடிக்கும்.'